ஜூலியஸ் சீசர் கொலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கி.மு. 44 மார்ச் 15 அன்று, ரோமில் செனட் என்ற ஆட்சி மன்றத்தின் கூட்டம் தொடங்கும் நேரத்தில், ரோமை ஆண்ட ஜூலியஸ் சீசரைக் குத்திக் கொன்றார்கள். பட்டப்பகலில், அவை நிறைந்திருக்கும்போது நடந்த கொலை. செய்தவர்களே ரத்தம் தோய்ந்த குறுவாள்களோடு தெருவுக்கு வந்து, தாங்கள்தான் செய்தோம் என்று கத்திச் சொன்னார்கள். அதனால் "யார் கொன்றது" என்பதில் துப்பறிய ஒன்றும் இல்லை. ஏன் கொன்றார்கள், யாருக்கெல்லாம் முன்பே தெரியும், சீசருக்கே தெரியுமா என்பதில்தான் இரண்டாயிரம் வருடமாக ஆளுக்கொரு கதை ஓடுகிறது. அந்தக் கதைகளைப் பற்றி வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள் இவை.

அன்றைக்கு என்னதான் நடந்தது?

நகரின் மையச் சதுக்கமான ஃபோரத்தில் இருந்த செனட் மண்டபத்தைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் கூட்டம், பாம்பே கட்டிய நாடக அரங்கத்தோடு சேர்ந்த ஒரு மண்டபத்தில் நடந்தது. பாம்பே யார் என்றால், உள்நாட்டுப் போரில் சீசரிடம் தோற்ற எதிரி. அவருடைய சிலை அந்த மண்டபத்திலேயே நின்றது.

சீசர் தாமதமாகத்தான் வந்தார். காலையில் போகலாமா வேண்டாமா என்று வீட்டில் ஒரே குழப்பம். மனைவி கல்பூர்னியா கெட்ட கனவு கண்டிருந்தாள், அவருக்கும் உடம்பு சரியில்லை. கடைசியில் கிளம்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும், மனு கொடுப்பதுபோலச் சிலர் சூழ்ந்துகொண்டார்கள். டில்லியஸ் கிம்பர் என்பவர் நாடு கடத்தப்பட்ட தன் சகோதரனைத் திரும்ப அழைக்கும்படி கேட்டார். சீசர் கையசைத்து, அப்புறம் பார்க்கலாம் என்றார். கிம்பர் சட்டென்று சீசர் சுற்றியிருந்த டோகா என்ற மேலாடையைத் தோள்பக்கம் பிடித்து இழுத்தார். அதுதான் சைகை.

முதல் குத்து காஸ்கா என்பவருடையது, கழுத்துக்குக் கொஞ்சம் கீழே. சீசர் சும்மா இருக்கவில்லை. காஸ்காவின் கையைப் பிடித்து, தன்னிடம் இருந்த எழுத்தாணியால் அந்தக் கையிலேயே குத்தினார். எழ முயன்றபோது அடுத்த குத்து விழுந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கத்தி என்று தெரிந்ததும் டோகாவை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். விழும்போது கால் தெரியக் கூடாது என்று இடது கையால் துணியைக் கீழே இழுத்துவிட்டார் என்று பழங்கால எழுத்தாளர் சூட்டோனியஸ் எழுதுகிறார். விழுந்த இடம் பாம்பே சிலையின் காலடி என்கிறார் இன்னொரு பழங்கால எழுத்தாளர் புளூட்டார்க். நெருக்கியடித்துக் குத்தியதில் கொலைகாரர்கள் ஒருவரையொருவர் கீறிக்கொண்டார்கள், சதிகாரர்களில் முக்கியமான மார்க்கஸ் புரூட்டஸின் கையில்கூடக் காயம். அவையில் இருந்த அத்தனை பேரில் உதவிக்கு வரப் பார்த்தவர்கள் கால்விசியஸ், சென்சோரினஸ் என்ற இரண்டே பேர் என்று டமாஸ்கஸ் ஊர் எழுத்தாளர் நிக்கோலஸ் குறித்திருக்கிறார்.

மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து மூன்று அடிமைகள் உடலைப் பல்லக்கில் வைத்து வீட்டுக்குத் தூக்கிப்போனார்கள். ஒரு கை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

23 குத்துகளில் ஒன்றுதான் உயிரைப் பறித்தது என்பது உண்மையா?

ஆன்டிஸ்டியஸ் என்ற மருத்துவர் உடலைப் பார்த்து, மார்பில் விழுந்த இரண்டாவது குத்து மட்டுமே உயிருக்கு ஆபத்தானது என்று சொன்னதாக சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். வரலாற்றின் முதல் பிரேதப் பரிசோதனை அறிக்கை என்று இதைச் சொல்வதுண்டு. கத்தியை விட்டு அறுத்துப் பார்த்தாரா, வெளியில் இருந்து பார்த்துச் சொன்னாரா என்பது அந்த வரியில் இல்லை, ஆகவே அந்தப் பட்டத்தைக் கொஞ்சம் தாராளமாகவே கொடுத்துவிட்டார்கள். நிக்கோலஸ் கணக்கில் காயம் 35. சதியில் இருந்தவர்கள் அறுபதுக்கும் மேல் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவு: பலர் குத்தவே இல்லை.

இதையெல்லாம் எழுதியவர்கள் நேரில் பார்த்தவர்களா?

இல்லை. விரிவாக எழுதியவர்களில் காலத்தால் முந்தியவர் நிக்கோலஸ். அவரும் சில பத்தாண்டுகள் கழித்துத்தான் எழுதினார், அதுவும் சீசரின் வாரிசான அகஸ்டஸின் வட்டத்தில் இருந்துகொண்டு. புளூட்டார்க், சூட்டோனியஸ், அப்பியன் எல்லாம் நூறு வருடத்துக்கும் பிந்தியவர்கள். காசியஸ் டியோ இன்னும் ஒரு நூற்றாண்டு பிந்தி. அந்த நாட்களிலேயே எழுதப்பட்டு நம் கையில் இருப்பவை, அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசரோவின் கடிதங்கள். அவற்றோடு, அந்தத் தொகுப்பில் மாட்டிக்கொண்ட மற்றவர்களின் கடிதங்களும் உண்டு. கோட்பாடுகளை எடைபோடும்போது இந்தக் கடிதங்களுக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

"யூ டூ புரூட்டஸ்" என்று சீசர் சொன்னாரா?

அது ஷேக்ஸ்பியர் நாடகம் புகழ்பெறச் செய்த வசனம். ஒரு முனகலைத் தவிர ஒன்றும் பேசாமல் செத்தார் என்பதே சூட்டோனியஸ் தரும் செய்தி. "நீயுமா, குழந்தாய்?" என்று கிரேக்கத்தில் சொன்னதாகச் சிலர் சொல்கிறார்கள் என்று அவரே ஒரு வரி சேர்க்கிறார், ஆனால் அதை அவர் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்தக் கூச்சலில் யார் காதில் எது விழுந்திருக்கும்?

அப்படியானால் புரூட்டஸ் சீசரின் மகனா?

"குழந்தாய்" என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த கதை இது. புரூட்டஸின் தாய் செர்வீலியாவுக்கும் சீசருக்கும் நீண்டகாலத் தொடர்பு இருந்தது உண்மை. அறுபது லட்சம் செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) விலையில் ஒரு முத்தை அவளுக்கு வாங்கிக் கொடுத்தார் சீசர், ஊரே அதைப் பேசியது. ஆனால் புரூட்டஸ் பிறந்தது கி.மு. 85 வாக்கில், சீசர் பிறந்தது கி.மு. 100-ல். அப்பாவுக்குப் பதினைந்து வயது என்று ஆகிறது. முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த உறவு பேசப்படுவதெல்லாம் ரொம்பப் பின்னால்.

சதியின் மூளை யார்? புரூட்டஸா, காசியஸா?

வழக்கமான பதில்: திட்டம் காசியஸுடையது (மேலே சொன்ன எழுத்தாளர் டியோ இல்லை, இவர் சதிகாரர்), முகம் புரூட்டஸுடையது. கி.மு. 509-ல் ரோமின் கடைசி மன்னனை விரட்டியதாகச் சொல்லப்படும் லூசியஸ் புரூட்டஸின் வழிவந்தவர் என்ற பெயர் மார்க்கஸ் புரூட்டஸுக்கு உண்டு. "நீ தூங்குகிறாயா புரூட்டஸ்?" என்ற ரீதியில் அவருடைய நீதிபதி இருக்கையில் இரவோடிரவாக எழுதிவைத்தார்கள். அந்தக் குடும்பப் பெயர் இருந்தால்தான் கொலைக்கு ஒரு நியாயம் கிடைக்கும் என்று சதிகாரர்கள் நினைத்தது வாஸ்தவம்.

ஆனால் இன்னொரு புரூட்டஸ் இருந்தார். டெசிமஸ் புரூட்டஸ். ஷேக்ஸ்பியரில் இவர் பெயரே "டீசியஸ்" என்று பிசகிப்போய், ஆளும் ஓரமாய் ஒதுங்கிவிட்டார். என்னைக் கேட்டால், இந்தக் கொலையில் இவர் இல்லாமல் ஒரு காரியமும் நடந்திருக்காது.

மார்க்கஸ் புரூட்டஸும் காசியஸும் போரில் பாம்பே பக்கம் நின்று, பிறகு சீசரால் மன்னிக்கப்பட்டவர்கள். டெசிமஸ் அப்படியில்லை, ஆரம்பத்திலிருந்தே சீசரின் ஆள். கி.மு. 56-ல் கால் நாட்டில் (இன்றைய பிரான்ஸ் பகுதி) வெனெட்டி இனத்தவரைக் கடலில் தோற்கடித்தது அவர். கி.மு. 49-ல் மசிலியா (இன்றைய மார்செய்) முற்றுகையில் கப்பல்களை நடத்தியதும் அவர். சீசர் அவருக்கு ஆளுநர் பதவி கொடுத்திருந்தார், கி.மு. 42-க்குக் கான்சல் என்ற உச்சப் பதவியும் ஒதுக்கிவைத்திருந்தார். உயிலில்கூட, முதல் வாரிசுகள் இல்லாமல் போனால் அடுத்த வரிசையில் டெசிமஸ் பெயர்.

கொலைக்கு முந்தின இரவு, சீசரின் ஆளான லெபிடஸ் வீட்டு விருந்தில் சீசரோடு டெசிமஸும் இருந்தார் என்கிறார் அப்பியன். மறுநாள் காலையில் சீசர் வரவில்லை என்று தெரிந்ததும் வீட்டுக்குப் போனது அவர். செனட் காத்திருக்கிறது, மனைவி நல்ல கனவு காணும்வரை கலைந்து போங்கள் என்று அவர்களிடம் சொல்லவா என்று கேட்டுக் குத்திக்காட்டி, கையைப் பிடித்து அழைத்துவந்தது அவர். பக்கத்து அரங்கத்தில் ஆயுதத்தோடு நின்ற கிளாடியேட்டர்களும் அவருடையவர்களே. சதிகாரர்களுக்கு அன்று பாதுகாப்பு என்று இருந்தது அவர்கள் மட்டுமே.

ஏன் செய்தார் என்பதற்கு அவர் வாக்குமூலம் எதுவும் இல்லை. கொலைக்குச் சில நாளில் அவர் மார்க்கஸ் புரூட்டஸுக்கும் காசியஸுக்கும் எழுதிய கடிதம் ஒன்று மிஞ்சியிருக்கிறது. இத்தாலியை விட்டுக் கிளம்பி ரோட்ஸுக்கோ வேறெங்கோ போய்விடலாமா என்று அதில் கேட்கிறார். தலை தப்பினால் போதும் என்ற கவலை வரிக்கு வரி தெரிகிறது.

குடியரசைக் காப்பாற்றத்தான் கொன்றார்களா, சொந்தக் கணக்குத் தீர்க்கவா?

இரண்டும். ஆளுக்கு ஆள் விகிதம் மாறும், அவ்வளவுதான்.

குடியரசு வாதத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. கி.மு. 44 பிப்ரவரியில் சீசர் "நிரந்தர சர்வாதிகாரி" ஆனார். உயிரோடு இருக்கும்போதே அவர் தலை நாணயத்தில் வந்தது, ரோமில் அதற்குமுன் வழக்கமில்லாத காரியம். செனட் குழு மரியாதை செய்ய வந்தபோது எழுந்து நிற்கவில்லை. பிப்ரவரி 15 லூப்பர்காலியா திருவிழாவில் சீசரின் நெருங்கிய கூட்டாளி ஆண்டனி அவர் தலையில் கிரீடப் பட்டையை வைக்கப்போனார். சீசர் மறுத்தார், கூட்டம் கைதட்டியது. வைக்கச் சொன்னதே சீசர்தான், மக்களின் நாடி பார்க்க நடந்த நாடகம் என்று அப்போதே பேச்சு. கிழக்கே ரோமின் எதிரிகளான பார்த்தியர்களை ஒரு மன்னனால்தான் வெல்ல முடியும் என்று புனித நூல்கள் சொல்கின்றன, அதனால் 15-ஆம் தேதி கூட்டத்தில் அவரை மன்னராக்கத் தீர்மானம் வரும் என்றும் ஒரு பேச்சு. அது பொய் வதந்தி என்று சிசரோவே எழுதியிருக்கிறார். வதந்தி பொய்யானாலும் அவசரத்தைக் கூட்டியிருக்கும்.

சொந்தக் கணக்கு என்று பார்த்தால் பட்டியல் நீளம். நல்ல பதவியைப் புரூட்டஸுக்குக் கொடுத்துத் தன்னை இரண்டாம் இடத்தில் வைத்ததில் காசியஸுக்கு எரிச்சல். சீசரின் படைத்தலைவராக இருந்த பாசிலஸுக்கு மாகாணத்துக்குப் பதில் பணம் கொடுத்து அனுப்பியதில் மனக்கசப்பு. இன்னொரு படைத்தலைவர் கால்பாவுக்கு கான்சல் பதவி கைநழுவிய வருத்தம். டிரெபோனியஸ் முந்தின வருடம் சீசர் தயவில் கான்சலாக இருந்தவர், அவரும் சதியில். இப்படிப் பார்த்தால் கத்தி எடுத்தவர்களில் கணிசமானவர்கள் சீசரின் சொந்த முகாம். "கொடுங்கோலனை எதிர்த்த குடியரசுவாதிகள்" என்ற படத்தில் இவர்கள் பொருந்த மாட்டார்கள். ஒரே ஆள் எல்லாப் பதவியையும் பங்குபோட்டுக் கொடுக்கும் இடத்தில், இவர்களுக்கு மேலே போக வழியில்லை. பதவிக்குப் போட்டி போடுவது ரோமானிய மேட்டுக்குடியின் பிழைப்பே ஆகும். அந்தப் போட்டியையே சீசர் மூடிவிட்டார். என் பார்வையில் கொலைக்கு இதுதான் வேர்.

ஏழைகளுக்கு நல்லது செய்ததால் பணக்காரர்கள் தீர்த்துக்கட்டினார்கள் என்கிறார்களே?

பாதி சரி. சீசர் கடன்காரர்களுக்குச் சலுகை கொடுத்தார், 80,000 பேரைக் கடல்கடந்த குடியேற்றங்களுக்கு அனுப்பி நிலம் கொடுத்தார். ஆனால் இலவச தானியம் வாங்குவோர் எண்ணிக்கையை 3,20,000-லிருந்து 1,50,000-ஆகக் குறைத்ததும் அவர்தான். ஏழைப் பங்காளர் என்று மாலை போடுவதற்கு முன் இதையும் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கம் இருந்த உத்தமர் புரூட்டஸின் வண்டவாளத்தையும் சொல்லிவிடலாம். சைப்ரஸில் சலாமிஸ் நகரத்துக்கு அவர் பினாமி பெயரில் பணம் கடன் கொடுத்திருந்தார். வட்டி 48 சதவீதம். வசூலுக்குப் போன ஆள் குதிரைப்படையை வைத்து நகர மன்றத்தை முற்றுகையிட்டதில் ஐந்து உறுப்பினர்கள் பட்டினியால் செத்தார்கள். அந்தப் பகுதிக்கு ஆளுநராகப் போன சிசரோ, தான் நிர்ணயித்த வட்டி 12 சதவீதம்தானே என்று திகைத்து நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதங்களில் இது இருக்கிறது. கந்துவட்டிக்காரரும் லட்சியவாதியும் ஒரே ஆளாக இருப்பதில் ரோமானியர்களுக்குப் பெரிய சிக்கல் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

சீசர் தெரிந்தே சாகப் போனாரா?

இப்போது இணையத்தில் அதிகம் சுற்றும் கோட்பாடு இது. நவீன கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம், உடல்நலம் கெட்டதால் அவருக்கு வாழும் ஆசை இல்லை என்று நண்பர்கள் சிலர் சந்தேகித்ததை சூட்டோனியஸே எழுதிவைத்திருக்கிறார். இத்தாலியக் காராபினியேரி காவல்படையின் தடயவியல் அதிகாரி லூசியானோ கரோஃபானோ இதைத் திரும்ப எடுத்துப் பேசியபின் சூடுபிடித்தது.

சாதகமாக நிறைய இருக்கிறது. ஸ்பானிய மெய்க்காவல் படையை அனுப்பிவிட்டார். முந்தின இரவு விருந்தில் எப்படிப்பட்ட சாவு நல்லது என்று பேச்சு வந்தபோது, "எதிர்பாராமல் வருவது" என்றார். வழியில் கினிடஸ் ஊர் ஆர்டெமிடோரஸ் சதியை எழுதிக் கையில் கொடுத்த ஓலையைப் பிரிக்கவில்லை.

ஆனால் மூன்று நாளில், 18-ஆம் தேதி, பார்த்தியப் போருக்குக் கிளம்ப இருந்தவர் அவர். 16 படையணிகளும் 10,000 குதிரைப்படையும் அந்தப் போருக்கு ஏற்பாடு என்கிறார் அப்பியன். அடுத்தடுத்த வருடங்களுக்கு யார் யார் பதவியில் இருக்க வேண்டும் என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தார். சாக முடிவெடுத்தவர் இவ்வளவு மெனக்கெட மாட்டார். எல்லாவற்றையும்விட அந்த எழுத்தாணி இருக்கிறதே! சாக வந்தவன் குத்த வந்தவனின் கையில் திருப்பிக் குத்துவானா? தன்னைத் தொட்டால் மறுபடி உள்நாட்டுப் போர்தான், யாருக்கும் அதனால் லாபமில்லை என்று அவர் சொல்வாராம். அந்த நம்பிக்கைதான் ஆளைக் கவிழ்த்தது. போருக்குக் கிளம்பிவிட்டால் ஆள் கைக்கு எட்டாது என்பதால்தான் சதிகாரர்களும் 15-ஐத் தேர்ந்தெடுத்தார்கள்.

அவருக்கு இருந்த நோய் எது?

பழைய நூல்கள் காக்காய் வலிப்பு என்கின்றன. 2015-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த கலாசி, அஷ்ராஃபியன் என்ற இருவர், அது சிறு சிறு பக்கவாதத் தாக்குதல்களாக இருக்கலாம் என்று எழுதினார்கள். உடல் எரிக்கப்பட்டுவிட்டது, எனவே நிரூபிக்க வழியில்லை.

"மார்ச் 15 ஜாக்கிரதை" என்று சொன்ன ஜோசியக்காரர் உண்மையா?

உண்மை. பெயர் ஸ்பூரின்னா. தெருவில் போகிற ஜோசியக்காரர் இல்லை, பலி விலங்கின் உள்ளுறுப்புகளைப் பார்த்துக் குறி சொல்லும் மரியாதைப்பட்ட ஆள். உள்ளே போகும்போது "15 வந்துவிட்டதே" என்று சீசர் கிண்டலடிக்க, "வந்தது, இன்னும் போகவில்லை" என்றாராம். அறுபது பேருக்கு மேல் தெரிந்த ரகசியம் பெரிய மனிதர்கள் வீடுகளில் நடமாடுகிறவர் காதுக்கு எட்டியிருக்கும், அதைக் குறியாக மாற்றிச் சொல்லியிருப்பார் என்று ஒரு ஊகம் உண்டு. எனக்கு அது நம்பும்படியாகவே இருக்கிறது.

ஆண்டனிக்கு முன்பே தெரியுமா?

ஏதோ ஒன்று தெரியும். முந்தின வருடம் கால் நாட்டின் நார்போவில் டிரெபோனியஸ் ஆண்டனியிடம் இதுபற்றி மெல்லப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். ஆண்டனி சேரவில்லை, சீசரிடம் போட்டுக்கொடுக்கவும் இல்லை. பின்னால் சிசரோ இதைச் சொல்லியே ஆண்டனியைக் குத்திக்காட்டினார். 15-ஆம் தேதிக்கான திட்டம் அவருக்குத் தெரிந்திருந்தால் டிரெபோனியஸ் அவரை வாசலில் நிறுத்திப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கத் தேவையே இல்லை. சீசரோடு ஆண்டனியையும் முடித்துவிடலாம் என்று மற்றவர்கள் சொன்னபோது வேண்டாம் என்று தடுத்தது மார்க்கஸ் புரூட்டஸ். அதற்கான விலையைப் பிறகு கொடுத்தார்கள்.

ஆக்டேவியன்? கிளியோபாட்ரா?

அதிக லாபம் அடைந்தவன், பின்னால் அகஸ்டஸ் ஆன ஆக்டேவியன் என்பதால் அவன் மேலும் சந்தேகம் கிளப்புகிறார்கள். அவனுக்கு அப்போது 18 வயது, கடலுக்கு அந்தப் பக்கம் அப்பல்லோனியாவில் இருந்தான். உயிலில் தன்னை மகனாக எழுதியிருக்கிறது என்பதையே கொலைக்குப் பிறகுதான் கேள்விப்பட்டான். கிளியோபாட்ரா ரோமில்தான் இருந்தாள், சீசர் செத்ததில் அவளுக்கு நஷ்டமே தவிர லாபமில்லை.

சிசரோ சதியில் இருந்தாரா?

இல்லை, சேர்க்கவில்லை. பயந்த சுபாவம், வயதும் ஆகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள். சேர்க்காத வருத்தம் அவருக்கு இருந்தது. "மார்ச் 15 விருந்துக்கு என்னை அழைத்திருந்தால் மிச்சம் மீதி இருந்திருக்காது" என்று கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து டிரெபோனியஸுக்கு எழுதினார். மிச்சம் என்றது ஆண்டனியை.

கொன்றவர்கள் கதி?

கொலைக்கு அடுத்து என்ன என்று யாரும் யோசிக்கவில்லை, அதுதான் வினை. மார்ச் 17-ல் செனட் பொதுமன்னிப்புக் கொடுத்தது. அப்புறம் உயிலைப் படித்தார்கள்: ரோமில் ஒவ்வொரு குடிமகனுக்கும் 300 செஸ்டர்ஸ், டைபர் கரைத் தோட்டங்கள் பொதுமக்களுக்கு. இறுதிச் சடங்கில் கூட்டம் கொதித்துவிட்டது. ஹெல்வியஸ் சின்னா என்ற கவிஞரை, சீசரைத் திட்டிப் பேசிய வேறொரு சின்னா என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். சதிகாரர்களில் முதல் பலி டிரெபோனியஸ், கி.மு. 43-ல் ஸ்மிர்னாவில். அதே வருடம் தப்பி ஓடும் வழியில் டெசிமஸ் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். காசியஸும் மார்க்கஸ் புரூட்டஸும் கி.மு. 42-ல் பிலிப்பிப் போரில் தோற்றுத் தற்கொலை செய்துகொண்டார்கள். சீசரைக் குத்திய அதே கத்தியால் தங்களைக் குத்திக்கொண்டவர்களும் உண்டு என்று சூட்டோனியஸ் சொல்கிறார்.

கொலை நடந்த இடம் இப்போது இருக்கிறதா?

ரோமில் லார்கோ டி டோர்ரே அர்ஜென்டினா என்ற சதுக்கத்தில் அதன் ஒரு பகுதி தெரிகிறது. தெரு மட்டத்துக்குக் கீழே இருக்கும் இந்த இடிபாடுகளுக்குள் 2023 முதல் நடைபாதை வழியாக இறங்கிப் பார்க்கலாம். மண்டபத்தின் பெரும்பகுதி இன்னும் சாலைக்கு அடியில்.

கொலையைக் கொண்டாடி நாணயம் வெளியிட்டார்களாமே?

ஆமாம். கி.மு. 43–42-ல் புரூட்டஸ் தன் படைக்குச் சம்பளம் கொடுக்க அடித்தது. ஒரு பக்கம் இரண்டு குறுவாள்கள், நடுவில் விடுதலை பெற்ற அடிமைகள் அணியும் தொப்பி, கீழே மார்ச் 15 என்ற தேதி. மறுபக்கம் புரூட்டஸின் சொந்தத் தலை! எதைச் சீசர் செய்தார் என்று கோபப்பட்டார்களோ அதையே இவரும் செய்தார். தங்கத்தில் அடித்தவை மிக அபூர்வம். அதில் ஒன்று 2020-ல் லண்டனில் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போனது. கைமாறிய வரலாறு பொய் என்று பின்னால் தெரியவர, 2023-ல் அதைக் கிரீஸிடம் ஒப்படைத்தார்கள்.